கையுறை வாங்காத நாட்கள்

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் கண்ணாடி அக்கா. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யார் உள்ளே கால் வைத்தாலும், பெரிய பேராசிரியரே ஆனாலும், "கண்ணாடி எங்க? கண்ணு என்ன கடையில விக்குதா?" என்று ஒரு சத்தம் போடுவாள். நான் ஸ்டோர்காரன். கையுறை, குடுவை, பாட்டில் எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போகும். லேபிள் ஒட்டாத ஒரு பாட்டிலை அலமாரியில் வைத்ததற்காக ஒருமுறை என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அவ்வளவு கறார்.

அவள் வேலை கரைப்பான் அறையில். கழிவுத் திரவங்களில் ஒன்றோடொன்று சேரக் கூடாததைப் பிரித்துத் தனித்தனிக் கேனில் ஊற்றி, பெயர் எழுதி அனுப்ப வேண்டும். புதிதாகச் சேரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். எல்லாம் சொல்லி முடித்தபின் குரலைத் தாழ்த்துவாள். "நாள் தள்ளிப்போச்சுன்னா அன்னைக்கே எங்கிட்ட சொல்லிடு. வெக்கப்படாத. அப்புறம் இந்த ரூமுக்குள்ள நீ வரக் கூடாது." அப்படி ஒன்பது பேரை வெளியே அனுப்பிவிட்டு, அவர்கள் வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அந்த ஒன்பது பேரும் பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வராந்தாவில் காட்டுவார்கள். இவள் கோட்டைக் கழற்றி, முழங்கை வரை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து வாங்குவாள். வாங்கினால் திருப்பித் தர மனசு வராது. தாய்க்காரி கேட்கும்வரை வைத்திருப்பாள்.

அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். மூன்று வருடத்துக்கு முன் ஒருமுறை கரு தங்கியது. தான் போட்ட சட்டப்படி அன்றைக்கே சொன்னாள். நாங்கள் கொண்டாடி ஆய்வகத்தையே இரண்டாக்கினோம். ஏழாவது வாரம் கலைந்துவிட்டது. துக்கம் விசாரிக்கிறேன் என்று ஆளாளுக்கு அவளைப் படுத்தி எடுத்தார்கள். "அந்த மருந்து நாத்தத்துல நின்னா எப்படித் தங்கும்?" என்றார்கள் உறவுக்காரர்கள். மருத்துவர் அப்படியெல்லாம் இல்லை என்று அடித்துச் சொன்னார். இருந்தும் என் ஜன்னலில் வந்து நின்றாள்.

"தெரியறதுக்கு முன்னாடி நாலு நாள் உள்ள போயிட்டேன்ணா. அதனாலயோ?"

"சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காதம்மா," என்றேன். எனக்கு என்ன தெரியும்?

இந்த வருடம் ஒரு திங்கட்கிழமை அவள் கையுறை வாங்க வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கரைப்பான் அறைப் பக்கமே போகாமல் வாசலுக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்து லேபிள் எழுதினாள். கேட்டால் கையில் அலர்ஜியாம். கை பளிங்கு மாதிரி இருந்தது. யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் விதியை மீறி உள்ளே போகவும் அவளால் முடியாது. அந்தப் பிடிவாதமே எங்களுக்குச் சொல்லிவிட்டது.

நாங்களும் வாயைத் திறக்கவில்லை. கேன்களை மாணவர்கள் முறை வைத்து எடுத்துப்போனார்கள். பேராசிரியர் எதற்கும் இருக்கட்டும் என்று அவள் மேசையை இன்னும் பத்தடி தள்ளிப் போடச் சொன்னார். சிலர் வேண்டுமென்றே கண்ணாடி போடாமல் நடந்தார்கள், அவள் அதட்டலைக் கேட்பதற்காக. அவளும் அதட்டினாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. கையுறைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே கட்டம் கட்டமாகக் காலியாகவே போனது. தினமும் காலையில் முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பேன். எனக்குப் பேத்தி பிறக்கப்போகிற மாதிரி ஒரு கிறுக்கு. ஏழாவது வாரத்தைத் தாண்டியபோது வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

பத்தாவது வாரத்தில் நான்கு நாள் விடுப்பு எடுத்தாள். புதன்கிழமை காலை, எல்லாருக்கும் முன்னால் வந்து ஜன்னலில் நின்றாள். தலையைப் படிய வாரியிருந்தாள். கோட்டு, கண்ணாடி, மூடிய செருப்பு, எல்லாம் சரியாக இருந்தன.

"சின்ன சைஸ் கையுறை ஒரு ஜோடி குடுங்கண்ணா."

"ஸ்டாக் இல்லம்மா," என்றேன். "இன்னைக்கு வெளியவே உக்காரு. நாளைக்கு வந்துடும்."

பெட்டி திறந்தபடி எங்கள் இருவருக்கும் நடுவில்தான் இருந்தது. அவள் அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"குடுங்கண்ணா," என்றாள். "இப்ப நான் உள்ள போகலாம்."