எனக்கு டிரைவர் கிடைத்த வாரம்

கோல்ஃபில் டிரைவர் என்றால் ஆள் இல்லை, ஒரு கோல். பந்தை ரொம்ப தூரம் அடிப்பதற்கான நீளக் கோல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டதால்தான் எங்கள் தெருவில் அத்தனை கூத்து.

மட்டாஞ்சேரி பஜாரில் நான் கூட்ஸ் ஆட்டோ ஓட்டுகிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் கணக்குக்கு என்னைப் பிரிய மனசு வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஆலுவா தாண்டி ஒரு கோல்ஃப் மைதானத்துக் கேன்டீனுக்கு அரிசியும் மசாலா சாமானும் கொண்டுபோய் இறக்குவேன். பக்கத்திலேயே பந்தடித்துப் பழகுகிற இடம். வரிசையாக நின்று காலி வயலைப் பார்த்துப் பந்தடிப்பார்கள். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் சேட்டன் ஒரு நாள் பழைய இரும்புக் கோல் ஒன்றை என்னிடம் நீட்டினார். மூன்று மாதத்தில் பந்து நேராகப் போக ஆரம்பித்தது. எனக்குத் தலையில் கொம்பு முளைத்தது.

அப்போதுதான் யாரோ ஒரு பெரிய மனுஷர் தன் டிரைவரை மாற்றினார். பழையதை சேட்டன் எனக்கு வாங்கிக் கொடுத்தார். நுனியில் தேங்காய் மூடி அளவுக்குக் கறுப்புத் தலை. அதை வைத்துக்கொண்டு முதல் அடி அடித்தேன். கோல் பந்தைத் தொடாமல் காற்று வாங்கியது. இரண்டாவது அடியில், பந்தை நிறுத்தி வைக்கும் சின்னக் குச்சி பறந்தது, பந்து அங்கேயே விழுந்தது. அந்தக் குச்சிக்குப் பெயர் டீ. நல்லவேளை, எங்கள் ஊரில் குடிப்பது சாயா, அதனால் குழப்பமில்லை. மூன்றாவது பந்து கொஞ்ச தூரம் நேராகப் போய், வீட்டில் அடுப்பை அணைக்க மறந்தவன் மாதிரி சட்டென்று வலப்பக்கம் திரும்பித் தென்னந்தோப்புக்குள் ஓடியது. அதற்கப்புறம் அடித்த நாற்பதும் தோப்புக்குத்தான்.

"இரும்புக் கோலுன்னா மேலேருந்து கொத்தணும். இது அப்படியில்ல மோனே, கீழேருந்து தூக்கணும்" என்றார் சேட்டன். தூக்கினேன். பந்து உயரமாகத் தோப்புக்குப் போனது.

ஆனாலும் புதுக் கோல் புதுக் கோல்தானே. வீட்டு வாசலில் நின்று கூட்டுக்காரனுக்கு போன் போட்டுக் கத்தினேன்: "டேய், கோல்ஃப் டிரைவர் கெடச்சிடுச்சுடா! இனி நம்ம லெவலே வேற!"

எதிர்வீட்டுச் சேச்சி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் மகன் கல்ஃபில் இருக்கிறான். அவர் காதில் எது விழுந்தாலும் பாதி வழியில் கல்ஃப் ஆகிவிடும்.

மறுநாள் காலை சாயாக்கடையில் கேட்காமலே ஒரு பழம்பொரி வந்தது. "துபாயா, தோஹாவா?" என்றார் கடைக்காரர். பாதி பழம்பொரி தின்ற பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் மீதிப் பாதி கையில் இருந்தது.

சாயங்காலம் மொட்டைமாடியில் கோலை வீசிப் பழகிக்கொண்டிருந்தேன். எதிர்மாடியிலிருந்து சேச்சி, "அது எந்தா மோனே கையில?" என்றார்.

"ஒட்டகம் ஓட்டற கோல் சேச்சி. அங்க டிரைவர்னா வண்டியும் ஓட்டணும், ஒட்டகமும் ஓட்டணும்."

"ஐயோ! என் மகன் ஒண்ணும் சொன்னதில்லையே!"

"அவனுக்கு ஏசி ரூம்ல வேலை சேச்சி. ஒட்டகத்த உள்ள விடமாட்டாங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே வந்தேன். அடுக்களையில் அம்மா பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் தெரியுது, எனக்கு மாத்திரம் சொல்லல" என்றாள். கோபமாகச் சொல்லப் பார்த்தாள், முகம் ஒத்துழைக்கவில்லை. கல்ஃபிலிருந்து மகன் அனுப்புகிற பெட்டி ஒவ்வொன்றையும் சேச்சி அம்மாவைக் கூப்பிட்டு வைத்துத்தான் பிரிப்பார். சோப்பு, அத்தர், பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் அம்மா மோந்து பார்த்து "நல்ல வாசம்" என்று சொல்லிவிட்டு வருவாள். கடைசியில் சேச்சி தவறாமல் கேட்பார்: "உங்க மகன் இப்பவும் அந்த ஆட்டோதானா?" அந்தக் கேள்விக்கு இப்போதுதான் அம்மாவிடம் ஒரு பதில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அம்மா அதில் பாயசத்தை ஊற்றினாள்.

சனிக்கிழமை சேச்சியே வீட்டுக்கு வந்தார். மகன் தன் ரூமில் எனக்கு ஒரு கட்டில் பார்த்து வைத்திருக்கிறானாம், பாஸ்போர்ட் காப்பி வேண்டுமாம். "நாளைக்கே தரேன் சேச்சி" என்றாள் அம்மா, என்றைக்கும் இல்லாத ஒரு குரலில். என்னிடம் பாஸ்போர்ட்டே இல்லை. அந்த நிமிஷத்தோடு எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. அம்மாவுக்கு எப்படிச் சொல்வது, சேச்சியின் முகத்தில் அவள் இனி எப்படி முழிப்பாள் என்று ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, "அம்மா, வண்டியில ஏறு" என்றேன். நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு என் சீட்டிலேயே ஒண்டி உட்கார்ந்தாள். "ஏஜென்ட் ஆபீஸாடா?" என்று கேட்டாள். நான் ஹாரன் அடித்தேன்.

மைதானத்தில் கோலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "இதுதான்மா டிரைவர்."

"எது?"

"இந்தக் கோல்தான். கல்ஃப் இல்லம்மா, கோல்ஃப். சேச்சி தப்பாக் கேட்டுட்டாங்க. நான் திருத்தல."

அம்மா கோலை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம், "பின்ன பாயசத்த எதுக்குடா குடிச்ச?" என்றாள். கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் அடிக்க ஆரம்பித்தேன். முதல் அடி காற்று. அடுத்தது தோப்பு. அப்புறம் தோப்பு, தோப்பு. ஆறாவது பந்து போனதும் பின்னாலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. அழுகிறாள் என்று பயந்து திரும்பினேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "நீ ஏன்டா இங்கயும் ஆக்ஸிலேட்டர் திருகற?"

"என்னது?"

"வர்ற வழி முழுக்க பயந்துபோய் உன் வலது கையத்தான் பாத்துட்டு வந்தேன். பாலத்துல ஏறுறப்ப எப்படித் திருகினியோ, அதே திருகல். பந்துகிட்ட வந்ததும் திருகற."

சேட்டன் கிட்டே வந்து என் மணிக்கட்டைப் பார்த்தார். இத்தனை நாளும் என் காலைத் திருத்தியிருந்தார், தோளைத் திருத்தியிருந்தார், கையை மட்டும் பார்த்ததில்லை. "அம்மா பறஞ்சது சரிதான்!" என்று தலையில் கைவைத்தார். "டேய், வண்டி நியூட்ரல்ல நிக்குதுன்னு நெனச்சு அடி."

வலது கையைத் தளர்த்தினேன். அடித்தேன். பந்து எழும்பியது. திரும்பப் போகிறது, திரும்பப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அது திரும்பவே இல்லை. தூரம் எழுதிய இரண்டாவது பலகையைத் தாண்டிப் புல்லில் குதித்து உருண்டது. சேட்டன் விசிலடித்தார்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. சேச்சி. நான் பேசுகிறேன் என்று கை நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஆமா சேச்சி... பாஸ்போர்ட் வேண்டாம். அது கல்ஃப் இல்ல, கோல்ஃப். பந்தடிக்கற கோல். நீங்க கேட்டது தப்பு, இவன் வாய மூடிட்டு இருந்தது அதவிடத் தப்பு... ஒட்டகமா? எந்த ஒட்டகம்?" என்னை முறைத்தாள். "சம்பளமா? அதெல்லாம் இல்ல, பந்துக்கு நாமதான் காசு குடுக்கணும்."

அந்தப் பக்கம் சேச்சி என்ன சொன்னாரோ, அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். நான் தரையைப் பார்த்தேன்.

"உங்க மகனுக்கு இந்த ஆட்டம் தெரியுமா சேச்சி?" என்றாள் திடீரென்று. "தெரியாதில்ல? இவனுக்குத் தெரியும். கைய எப்படி வெக்கணும்னு நானே சொல்லிக் குடுத்தேன். நில்லுங்க, சத்தம் கேளுங்க." போனை என் பக்கம் நீட்டினாள். "அடிடா."

மூன்று பேர் காத்திருக்கிறார்கள், ஒருவர் மட்டாஞ்சேரியில். பதற்றத்தில் கை தன் பழைய வேலையைப் பார்த்துவிட்டது. டணார் என்று ஒரு சத்தம், அந்த மாதிரி சத்தம் அங்கே யாரும் எழுப்பியதில்லை. பந்து அழகாக எழும்பி, வலப்பக்கம் வளைந்து, தோப்பில் ஒரு தென்னையின் மண்டையில் போய் மோதியது.

அம்மா தென்னையிலிருந்து கண்ணை எடுக்காமல் போனைக் காதில் வைத்தாள்.

"கேட்டீங்களா சேச்சி? நேராப் போச்சு."