ரோசலினைத் தனியாக உட்காரவைத்த அறை

லண்டனில் பிள்ளைகளைப் பள்ளியில் விட வருகிற தகப்பன்மார் டீச்சரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இலங்கையில் நம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். "மோர்னிங் ஜேன்" என்று சொல்லிக் கையாட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, மகள் ரோசலின் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு வேலைக்கு நடந்துவிடுவேன்.

போன மாசியில் ஒரு மாலை அவள் வந்து சொன்னாள்: "அப்பா, எனக்கு வாசிக்க வரலையாம். நாளையில இருந்து என்னயத் தனியா கம்பியூட்டர் ரூமுக்கு அனுப்புறாங்க."

மனைவி மேரி அடுப்பைக் குறைத்தாள். "தனியாவா? எதுக்குங்க தனியா?"

எதற்கென்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். எழுபதுகளில், பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில், கொட்டகலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் என் கடைசித் தம்பி சவரி எழுத்துக் கூட்டத் தடுமாறினான். மாஸ்டர் அவனைப் பெஞ்சிலிருந்து எழுப்பிச் சுவரோரமாகத் தனியே உட்காரவைத்தார். அடுத்த வாரம் வேலை வாங்கும் கங்காணி எங்கள் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார். "படிப்பு ஏறாதவன அங்க வச்சு என்னா செய்யப் போறீங்க? பெரட்டுக்கு அனுப்புங்க." விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் கூட்டத்தில் நின்றவன் பிறகு பள்ளிக்குத் திரும்பவேயில்லை. இந்தக் கட்டுரையையும் அவனுக்கு யாராவதுதான் வாசித்துக் காட்ட வேண்டும்.

மறுநாள் டீச்சரிடம் கெஞ்சிப் பார்ப்பதென்று போனேன். தோட்டத்தில் மேனேஜர் துரையிடம் எதையாவது கேட்கப் போனால் ஆபிஸ் ஜன்னலுக்கு வெளியே, கூப்பிடும்வரை பேசாமல் நிற்பதுதான் எங்கள் வழக்கம். இங்கேயும் அப்படியே கம்பியூட்டர் அறையின் ஜன்னலுக்கு வெளியே தொப்பியைக் கழற்றிவிட்டுத் தூறலில் நின்றேன். ஜேன் டீச்சர் பதறி ஓடிவந்தார். "ப்ளீஸ் டீச்சர், கம்பியூட்டர்..." என்றதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் ஓடவில்லை. எனக்கும் படிக்க ஆசை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, சிரித்தபடி உள்ளே கூட்டிப்போய், ரோசலின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

திரையில் ஒரு வரி வந்தது. நடுவில் ஒரு சொல் இல்லை. ரோசலின் ஓர் எழுத்துக் கட்டையை அழுத்தினாள். பெட்டி 'பீப்' என்று கத்தியது. நான் சட்டென்று அவள் கையை இழுத்துக்கொண்டேன்.

"அடிக்காதுப்பா! தப்புன்னா திரும்பக் கேக்கும், அவ்வளவுதான். கோவமே வராது அதுக்கு."

திரும்பவும் கேட்டது. திரும்பவும் தப்பு. மாஸ்டரென்றால் இதற்குள் பிரம்பை எடுத்திருப்பார். அந்தப் பெட்டி பொறுமையாக அதே வரியைக் காட்டியது. இந்தத் தடவை அவள் சரியான சொல்லைப் போட்டு, முழு வரியையும் திக்காமல் வாசித்தாள். டீச்சர் என்னைப் பார்த்து, "ஓகே?" என்றார். பிள்ளையைத் தினமும் இங்கே விடலாமா என்று கேட்கிறார். பயம் முழுதாகப் போகவில்லை; ஆனாலும் தலையாட்டினேன்.

அடுத்த வரியை வாசித்ததும் ரோசலின் சிரித்தாள். டீச்சரும் சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னாம்மா போட்டிருக்கு?"

"இருங்கப்பா, முடிச்சிட்டுச் சொல்றேன்."

இன்னொரு வரி வந்துவிட்டது. அவள் திரைப் பக்கம் குனிந்தாள். நான் பாதி உடம்பு நாற்காலியிலும் பாதி உடம்பு கதவுப் பக்கமுமாக, அவள் சொல்லுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.