காட்டுக்குப் போன படகு

அந்தோனிமுத்துவின் படகு முதலில் காட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. செட்டிகுளத்துக்கு அப்பால், பாலை மரமும் வீரை மரமும் அடர்ந்து நிற்கிற இடத்தில் லொறியை நிறுத்திவிட்டு, சாரதி தொலைபேசியில் அழைத்தான்.

“அண்ணன், நீங்க குடுத்த விலாசத்துல நிக்கிறன். இங்க கடல் எந்தப் பக்கம்?”

அந்தோனிமுத்து அப்போது விடத்தல்தீவுக்கு வடக்கே, தன் ஊர்க் கரையில், படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கேள்வி அவருக்கு விளங்கவில்லை. கடல் முன்னால் கிடக்கிறதே என்று கையை நீட்டிக் காட்டினார். நீட்டிய கை தொலைபேசிக்குள்ளால் தெரியாது என்பதை அவருடைய மனைவி அன்ரோனெற்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

பிழை அவருடையதுதான். மீளக்குடியேறிய கடற்றொழிலாளருக்குப் படகு கொடுக்க வந்த நிறுவனத்துப் பெண்பிள்ளை விலாசம் கேட்டபோது, வலயம், பிரிவு, கூடார இலக்கம் என்று ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டார். செபமாலை சொல்கிறவர் அடுத்த மந்திரத்தை யோசிப்பதில்லை. செட்டிகுளத்துப் பக்கம் இருந்து பிறகு மூடப்பட்ட அகதி முகாமில் அரிசியும் தண்ணீரும் அந்த இலக்கத்துக்குத்தான் வந்தன. பார்க்க வந்தவர்களையும் அதைச் சொல்லித்தான் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வாழ்க்கையில் அவர் மனப்பாடம் செய்த ஒரே விலாசம் அது.

அதற்கு முன்னர் ஏறக்குறைய ஐம்பது வருடம் ஒரே வளவில் வாழ்ந்த மனிதர். அந்தக் காலத்தில் ஊருக்கு வரும் கடிதங்கள் கோயிலுக்குப் போகும். ஞாயிறு பூசை முடிய சுவாமியார் பெயர் வாசிப்பார். பெயருக்குரியவர் எழும்பிப் போய் வாங்குவார். பெயர் மட்டும் போதும். சொந்த வீடு இருந்தவரைக்கும் அவருக்கு விலாசம் இருக்கவில்லை. வீடு போனபிறகுதான் விலாசம் கிடைத்தது.

திரும்பி வந்தபோது நிலைமை இன்னும் விசேடமாக இருந்தது. ஊருக்கு இப்போது மூன்று பெயர்கள். அரசாங்கக் கந்தோரில் ஒன்று, கோயிலில் ஒன்று, வீட்டுத்திட்டத்துக்குக் காசு கொடுத்த நாட்டின் பெயரில் இன்னொன்று. அவருடைய கொட்டில் சுவரிலும் இலக்கங்களுக்குக் குறைவில்லை. கண்ணிவெடி எடுத்தவர்கள் எழுதியது, வீட்டுத்திட்டக்காரர் எழுதியது, நுளம்புக்கு மருந்தடித்தவர்கள் எழுதியது. இதில் எது வீட்டிலக்கம் என்று கேட்டால், ஆகப் பெரிசாக எழுதியிருப்பது என்பார். அது நுளம்புக்காரருடையது.

படகு விடயத்தில் நிறுவனத்தின் நிபந்தனை எளிமையானது. அன்று பொழுதுபடுவதற்குள் ஆளைக் கண்டுபிடித்து ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு மன்னார்க் களஞ்சியத்துக்குத் திரும்பும், அங்கிருந்து காத்திருக்கும் அடுத்தவருக்குப் போகும். அடுத்தவர் இரண்டு வேலி தள்ளி இருந்த சிங்கராசா. இது ஊருக்கே தெரியும். முகாமிலிருந்து வந்த நாள் முதல் பிறத்தியார் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்த அந்தோனிமுத்துவுக்கு மிக நன்றாகத் தெரியும்.

ஆகவே சாரதிக்கு மிகவும் பொறுமையாக வழி சொன்னார்.

“திருக்கேதீச்சரச் சந்தியால வடக்க வாங்கோ தம்பி. பெரிய றோட்டில நேர வந்து, சங்கக்கடையில இடப்பக்கம் திரும்புங்கோ. பிறகு பனங்கூடல் வரும். அது தாண்ட ஐஸ் கொம்பனி. அதோட எங்கட வீடு.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடை போரில் குண்டு விழுந்து போனது. பனங்கூடலின் மரங்களைப் பதுங்குகுழிகளுக்காகத் தறித்துவிட்டார்கள். ஐஸ் கொம்பனியில் மிஞ்சியது சீமெந்து நிலம் மட்டும், அதிலும் ஆடுகள் படுத்திருக்கும். ஊரவர்கள் எல்லாரும் இப்படித்தான் வழி சொல்வார்கள், எல்லாருக்கும் அது விளங்கும். விளங்காதவர்கள் வெளியாட்கள். வழி கேட்பவர்களோ பெரும்பாலும் வெளியாட்கள்தான்.

மத்தியானம் திரும்பவும் தொலைபேசி அடித்தது. லொறி ஊரைத் தாண்டி வடக்கே இலுப்பைக்கடவையில் நின்றது.

“சங்கக்கடை வரவே இல்லையே அண்ணன்.”

“தாண்டிப் போட்டியள் தம்பி.”

“எதைத் தாண்டிட்டன்?”

“சங்கக்கடையை.”

“அது என்ன நிறம்?”

“அது இடிஞ்சு போச்சு.”

மறுமுனையில் லொறியைப் பின்னெடுத்துத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு சாரதி, தான் திரும்பி வருவதாகவும், றோட்டில் ஆள் நிற்காவிட்டால் நேரே மன்னாருக்கே போய்விடப் போவதாகவும் சொன்னான். இன்ன இடத்தில் நிற்கிறேன் என்று அந்தோனிமுத்து சொல்ல வாயெடுக்கையில் தொலைபேசியின் உயிர் போய்விட்டது. ஊருக்கு மின்சாரம் இன்னும் வந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் ஓடக்கூடிய நிலையில் இருந்த சைக்கிள் ஒன்றே ஒன்றுதான், அது சிங்கராசாவுடையது. போய்க் கேட்க அந்தோனிமுத்துவுக்கு மனமில்லை. அன்ரோனெற் போய்க் கேட்டாள். சிங்கராசா சைக்கிளைத் தராமல் தானே மிதித்துக்கொண்டு வந்து, “ஏறும்” என்றார். தனக்குக் கிடைக்கக்கூடிய படகை அயல்வீட்டுக்காரனுக்கு வாங்கிக் கொடுக்க ஒருவர் இவ்வளவு அவசரப்படுவது அந்தோனிமுத்துவுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. கரியரில் ஏறி உட்கார்ந்தார். லொறி போகாத குறுக்குப் பாதையால் வடக்கே வெட்டிப் போய்ப் பெரிய றோட்டில் ஏறினார்கள்.

லொறி வந்தது. அதன் முதுகில் நீலப் படகு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாரதி இறங்கினான். ஜவாஹிர் என்று பெயர், புத்தளத்துப் பொடியன். சொந்த வீட்டு விலாசம் தெரியாத ஒரு மனிதரைத் தன் தொழிலில் கண்டதேயில்லை என்று தொடங்கி, டீசல், காடு, தன் மத்தியானச் சாப்பாடு என்று வரிசையாகச் சொல்லித் தீர்த்தான்.

அந்தோனிமுத்துவுக்குச் சூடேறியது. “உமக்கு எந்த ஊர்?”

“எருக்கலம்பிட்டி.”

“அப்ப விலாசத்தைச் சொல்லும் பாப்பம்.”

ஜவாஹிர் வாயைத் திறந்தான். வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார் எருக்கலம்பிட்டியை விட்டு வெளிக்கிட்ட குடும்பம்; அப்போது அவன் கைக்குழந்தை. அவன் அறிந்த விலாசம் புத்தளத்து அகதிக் குடியிருப்பினுடையது. அது அவனுக்கும் ஒரே மூச்சில் வரும்.

“ஏறுங்க அண்ணன்,” என்றான், குரல் கொஞ்சம் இறங்கி. “ஒரு திருப்பம் மட்டும் காட்டுங்க. பிழைச்சா நான் போயிருவன்.”

சைக்கிளைப் படகுக்குள் போட்டுவிட்டு மூவரும் முன்னால் நெருங்கி உட்கார்ந்தார்கள். புதிதாகத் தார் விரித்துப் போட்ட காப்பெற் றோட்டு. போட்டவர்கள் அதைச் சற்று உயர்த்தியும் நகர்த்தியும் போட்டிருந்தார்கள். அந்தோனிமுத்து இந்த றோட்டில் லொறியில் இருந்து ஊரைப் பார்த்ததே இல்லை. கரையால் நடந்தும், ஒழுங்கையால் குறுக்கே வெட்டியும் போகிறவர். உயரத்திலிருந்து பார்த்தபோது எல்லா மணலும் ஒரே மணலாகத் தெரிந்தது.

“அந்தச் சின்னப் பாலத்தடியில திருப்பும் தம்பி,” என்றார் சிங்கராசா.

அந்தோனிமுத்து அவரைத் திரும்பிப் பார்த்தார். திருப்பம் பிழைத்தால் படகு இவருக்குத்தானே என்ற எண்ணம் அந்தோனிமுத்துவின் முகத்தில் எழுதியிருந்தது. “பாலத்தடியில வேண்டாம். நேர போங்கோ. சங்கக்கடை இன்னும் வரேல்ல.”

“அது பாலத்துக்கு இங்காலயடாப்பா.”

“எனக்குத் தெரியும் எங்கயெண்டு. நீர் பேசாம இரும்.”

பாலம் கடந்து போனது. அந்தோனிமுத்து கை காட்டிய இடத்தில் லொறி கடற்பக்கமாக இறங்கியது, கொஞ்சத் தூரம் போனது, பின்சில்லுகள் அச்சுவரை மணலுக்குள் இறங்க நின்றுவிட்டது. எங்கு பார்த்தாலும் முள்ளு உடைமரம். வீடு ஒன்றும் இல்லை. தொலைவில், அவர்கள் கடந்து வந்த பாலத்துக்கு நேரே, அன்ரோனெற் ஒழுங்கை வாசலில் நின்று சேலைத் தலைப்பை வீசிக்கொண்டிருந்தாள்.

சிங்கராசா இறங்கிச் சில்லடி மணலைக் கையால் தோண்டத் தொடங்கினார். ஏசியிருந்தால் அந்தோனிமுத்துவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜவாஹிர் சுற்றிவந்து சில்லைப் பார்த்தான், மறையப்போகிற சூரியனைப் பார்த்தான், கடைசியாகப் படகைப் பார்த்தான். பாரம் இறக்காமல் லொறி எழும்பாது. இனித் திரும்பிப் போவதென்றால் படகை இங்கே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவன் அன்று முதல்தடவையாகச் சிரித்தான், சந்தோசத்தில் அல்ல. ஊர்ச் சனம் திரண்டு வந்து படகை இறக்கியது. ஆகக் கடினமான பக்கத்தைச் சிங்கராசா பிடித்தார். அந்தோனிமுத்து கையெழுத்துப் போட்டுப் படகைப் பொறுப்பேற்றார். சரியான திருப்பத்தில் திரும்பியிருந்தாலும் படகு கிடைத்திருக்கும் என்று அன்ரோனெற் சொன்னாள். அதை ஒருவரும் கேட்க விரும்பவில்லை.

ஆள் சேர்த்து, உருளைக் கட்டைகள் தேடி, படகைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போக நாட்கள் எடுத்தன. இப்போது அந்தோனிமுத்து சொந்தப் படகில் தொழிலுக்குப் போகிறார், கூட வருகிறவர் சிங்கராசா. சங்கக்கடை பாலத்துக்கு இங்காலேயா அங்காலேயா என்ற வழக்கு கடலிலும் நடக்கிறது.

பிறகொரு நாள் இலுப்பைக்கடவைப் பக்கமிருந்து மின்கம்பம் நட வந்தவர்கள் வழி தெரியாமல் றோட்டில் நின்று அவருக்கு அழைத்தார்கள். அண்டைக்கு லொறியால போட் இறக்கின இடம் வரைக்கும் போகாமல் அதுக்கு முன்னால் திரும்புங்கோ என்று தெளிவாகச் சொன்னார். இங்கே போட் ஒன்றையும் காணவில்லையே ஐயா என்றார்கள். இந்த உலகத்து மனிதர்களுக்கு எதையும் விளங்கப்படுத்த முடியாது என்கிற களைப்பு அவர் குரலில் ஏறியது.

“போட் கடலில எல்லோ நிக்குது. பிறகெங்க நிக்கிறது?”