குப்பைமேட்டு எம்.எல்.ஏ.

எங்கள் ஊரில் யாரையாவது பிடிக்க வேண்டுமென்றால் வீடு வீடாக அலைந்து பயனில்லை. சனிக்கிழமை காலையில் குப்பைக் கிடங்குக்கு வந்துவிட வேண்டும். எங்கள் வெஸ்ட் ஆர்டனில் குப்பையை எடுக்க யாரும் வர மாட்டார்கள். அவரவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து அவரவரே கொட்டியாக வேண்டும். அந்தச் சாக்கில் பேச்சும் நடக்கும். யார் மாட்டை விற்கிறார்கள், யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் கிடங்கு வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் என் காதைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். ஓட்டுக் கேட்கிறவர்களும் இங்கேதான் வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

எங்கள் எம்.எல்.ஏ. டோரீன் லபாயின்ட் மட்டும் தேர்தல் முடிந்த பிறகும் வந்து நின்றாள்.

டோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அமெரிக்காவில் எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் எம்.எல்.ஏ. வேலையை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது. ஜனவரி முதல் மே வரை சட்டசபை, மீதி நாளெல்லாம் பிழைப்பைப் பார்க்க வேண்டும். உதவியாளர் கிடையாது, அலுவலகம் கிடையாது. அவள் சமையலறை மேசைதான் அலுவலகம். பேருந்து போகிற பாதையில் ஒரு பாலம் வெள்ளத்தில் போனது. தலைநகருக்கு எத்தனை முறை எழுதியும் ஒருவரும் அசையவில்லை. கடைசியில், "அங்க போய் உக்காந்தாதான் நடக்கும்னா நானே போய் உக்காருறேன்" என்று தேர்தலில் நின்றாள். ஜெயித்தாள். பாலமும் வந்தது. அவள் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேருந்தின் கடைசி இருக்கையில் சண்டை போடும் பிள்ளைகளை, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே அதட்டி அடக்கிய குரல் அது. சட்டசபையில் அவளுக்கு ஒலிபெருக்கி வேண்டாம் என்று சொல்வார்கள்.

கொரோனா நோய் வந்ததும் சபை கணினிக்குள் போய்விட்டது. டோரீன் வீட்டு இணைய இணைப்போ மழை தூறினாலே படுத்துவிடும். அதனால் நூலகத்து வாசலில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்து வருகிற சிக்னலைப் பிடித்து, ஸ்டியரிங்கில் கணினியைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் கவர்னர் பேசுவார்: எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று. டோரீன் அதைக் கேட்டு ஊருக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்புவாள். மலைமேல் பாதி வீட்டில் இணையமே இல்லை. அவர்களுக்காக ஒரு வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி, சனிக்கிழமை என் வாசலில் கொண்டுவந்து சாத்தி வைப்பாள். ஒரு நேரத்தில் உள்ளே மூன்று வண்டிதான் விட வேண்டும் என்று உத்தரவு. மற்ற வண்டியெல்லாம் வரிசையில் நிற்கும். வேறு வேலை இல்லாததால் ஒருவர் விடாமல் பலகையைப் படித்தார்கள்.

வசந்தம் முழுக்க அந்தப் பலகையில் நல்ல வார்த்தை ஒன்று வரவில்லை. முடி வெட்டக் கூடாது. சர்ச்சில் கூட்டம் கூடாது. மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டகைக்கு விருந்தாளி கூடாது. திட்டுகிறவர்கள் கவர்னரையா தேடிப் போவார்கள்? எதிரில் நிற்கிறவளைத்தான் திட்டினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா தாயே, 'கூடாது'ங்கிறத விட்டா உனக்கு வேற வார்த்தையே தெரியாதா? என்னைக்காவது ஒரு நல்ல சேதி எழுதேன்!"

"வந்தா எழுத மாட்டேனா மெர்ல்? உன் வாயில கருப்பு ஈ புகுறதுக்குள்ள முகக்கவசத்த ஏத்திப் போடு."

ஜூன் மாதத்தில் நல்ல சேதி வந்தது. டோரீன் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தபோதே நடையில் ஒரு துள்ளல். "முதியோர் இல்லங்களில் இருப்பவர்களை இனி வெளியே முற்றத்தில் வைத்துப் பார்க்கலாம்!" என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தாள். வரிசையில் நின்றவர்கள் ஹார்ன் அடித்துக் கொண்டாடினார்கள்.

எல்வின் க்விம்பி மட்டும் ஹார்ன் அடிக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கி வந்து பலகையை மறுபடியும் படித்தார். எண்பதைத் தாண்டியவர். வைக்கோல் தூசியை ஆயுள் முழுக்கச் சுவாசித்ததில் நெஞ்சு கெட்டு, பேச்சு காற்றாகத்தான் வரும். அவர் மனைவி யூனிஸ் குளிர்காலத்தில் பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். கால் ஊன்றி நடக்கும்வரை என்று பக்கத்து ஊர் இல்லத்தில் சேர்த்தார்கள். அடுத்த மாதம் நோய்க்குப் பயந்து வெளியாட்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். யூனிஸுக்குக் காது முக்கால் செவிடு, தொலைபேசி உதவாது. கீழ்த்தளத்தில் இருந்தவரை எல்வின் ஜன்னலுக்கு வெளியே நின்று வாயசைப்பார், அவள் கண்ணாடி வழியே படித்துக்கொள்வாள். மே மாதம் அவளை மாடிக்கு மாற்றினார்கள். அதோடு அதுவும் போயிற்று. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாகக் குடித்தனம் செய்தவர், ஒரு சொல் பேசாமலே இருவரில் ஒருவர் போய்விடுவோமோ என்று பயந்துபோயிருந்தார். வாய் விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் எங்களுக்குத் தெரியும்.

"இது நெசமா, பொண்ணே?" என்று டோரீனிடம் கேட்டார்.

"நெசந்தான் எல்வின். போய்ப் பாருங்க!"

அடுத்த சனிக்கிழமை அவர் குப்பையே இல்லாமல் வந்தார். பலகை எதிரில் போய் நின்று பேச ஆரம்பித்தார். அந்தக் குரலைக் கேட்க வேண்டுமென்றால் எல்லாரும் இன்ஜினை அணைக்க வேண்டும். ஒவ்வொருவராக அணைத்தார்கள்.

"முடி வெட்டிக்கிட்டேன். கோட்டுப் போட்டுக்கிட்டேன். வாசல்ல ஒரு சின்னப் பொண்ணு, 'எங்க இல்லத்துல இன்னும் ஆரம்பிக்கல, தாத்தா'ன்னு திருப்பி அனுப்பிட்டா. யூனிஸ் மேல ஜன்னல்ல நின்னு பாத்துட்டா. என் கோட்டப் பாத்ததும் அவ சீப்ப எடுத்துத் தலைய வாரிக்கிட்டா. வரப்போறேன்னு நெனச்சுக்கிட்டா. நான் வண்டில ஏறி வந்துட்டேன். உனக்கு நான் ஒருநாளும் ஓட்டுப் போட்டதில்ல, பொண்ணே. ஆனா நீ பொய் சொல்லுவேன்னு நெனச்சதில்ல."

அரசு அனுமதித்தது உண்மைதான். "அந்தந்த இல்லம் ஏற்பாடு செய்தால்" என்று கூடவே சொல்லியிருந்தார்கள். டோரீன் அதைக் கேட்டிருக்கிறாள், எழுதவில்லை. அத்தனை வாரம் 'கூடாது' எழுதிய கைக்கு, ஒரு நல்ல சேதியில் 'ஆனால்' என்று எழுத மனம் வரவில்லை. தவளை தன் வாயால் கெட்டது.

வேறு அரசியல்வாதியாக இருந்தால் இல்லத்தின் மேல் பழியைப் போட்டிருப்பார், கவர்னர் மேல் போட்டிருப்பார். டோரீன் பலகையைத் துடைத்தாள். "போன வாரம் நான் எழுதியது தப்பு. எல்வின் க்விம்பியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று எழுதினாள்.  எல்வின் படித்துவிட்டு வண்டியில் ஏறிப் போனார்.

"மன்னிப்ப வெச்சு அவரு என்ன செய்வாரு?" என்றேன். எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை.

"ஒன்னும் செய்ய முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? வாய மூடிக்கிட்டு இரு, மெர்ல். இல்லாட்டி கூட வா."

போனேன். இல்லத்தின் மேலாளர் ஜோடி, மாதக்கணக்கில் தூங்காதவள் போல இருந்தாள். முற்றத்தில் ஆறடி தள்ளி நின்று பேசினோம்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையாங்க? யாரு கூட்டிட்டு வர்றது, யாரு பக்கத்துல இருந்து பாத்துக்கிறது, யாரு நாற்காலியத் துடைக்கிறது? இருக்கிறவங்களே ரெண்டு ஆள் வேலை பாக்குறாங்க. வெயில், மழைக்கு ஒதுங்கக்கூட இடமில்ல. உங்க சபையில அனுமதி குடுத்தீங்க. கை கால் குடுத்தீங்களா?"

டோரீன் எதிர்த்துப் பேசுவாள் என்று நினைத்தேன். தலையை ஆட்டினாள்.

"நீங்க சொல்றது நியாயம். நான் வர்றேன். பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு, பேருந்து சும்மா நிக்குது. பரிசோதனை என்னென்ன உண்டோ பண்ணிக்கிறேன். நாற்காலி துடைக்க எனக்குத் தெரியும். பிள்ளைங்க வாந்தியெடுத்த சீட்டயே துடைச்சவ நான்."

"எம்.எல்.ஏ. வந்து நாற்காலி துடைப்பாங்களா?"

"பேருந்து டிரைவர் துடைப்பா."

ஒதுங்க ஒரு கூடாரத்துக்கு என்ன செய்வது? எங்கள் தீயணைப்புப் படை சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி கோழி சுட்டு ஊருக்கே விருந்து வைக்கும். அந்த வருஷம் விருந்து இல்லை. கொட்டகையில் முடங்கிக் கிடந்த பெரிய கூடாரத்தை நானும் இரண்டு படைக்காரர்களும் கொண்டுபோய் இல்லத்து முற்றத்தில் அடித்து நட்டோம். எத்தனை அலசியும் கோழி வாசனை போகவில்லை. மேல் ஜன்னல்களில் வெள்ளைத் தலைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன.

முதல் முறை எல்வினுடையது. டோரீனே போய் அழைத்தபோது, "இந்தத் தடவ உள்ள விடுவாங்களான்னு கேட்டுட்டுத்தான் கெளம்புவேன்" என்றாராம். அதே கோட்டில் வந்தார். யூனிஸைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நடுவே ஆறடி. இரண்டு பேர் முகத்திலும் கவசம்.

அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் உறைத்தது. யூனிஸ் எப்போதும் அவர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். உதடு துணிக்குள் இருக்கிறது. இந்த மனுஷர் குரலோ பக்கத்தில் இருக்கிறவனுக்கே கேட்காது. எல்வின் ஏதோ சொன்னார். யூனிஸ் காதருகே கையைக் குவித்துக்கொண்டு தவித்தாள். இவ்வளவு பாடுபட்டு இதற்குத்தானா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டோரீன் எல்வின் பின்னால், தள்ளியே வந்து நின்றாள்.

"சொல்லுங்க எல்வின். நான் சொல்றேன்."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு முணுமுணுத்தார். டோரீன் நெஞ்சை நிமிர்த்திக் கத்தினாள். செவிடான காதையும் துளைக்கிற கத்தல்.

"செவலை மாடு கன்னு போட்டுடுச்சாம்! கெடேரியாம்!"

யூனிஸ் முகம் மலர்ந்தது. "கன்னு எழுந்து நின்னுடுச்சா?" என்று திருப்பிக் கத்தினாள்.

தக்காளி நட்டதைச் சொன்னார். வண்டியின் சைலன்சர் விழுந்ததைச் சொன்னார். ஒவ்வொன்றையும் எங்கள் எம்.எல்.ஏ. ஊர் கேட்கக் கத்தினாள். மேல் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார்கள். சைலன்சருக்கு மாடியில் யாரோ கைதட்டினார்கள்.

எல்வின் அப்புறம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.  என்னமோ சொன்னார். டோரீன் உடனே கத்தவில்லை.

"இத நான் சொல்லவா எல்வின்? எல்லாரும் கேப்பாங்க."

அவர் தலையசைத்தார்.

"ராத்திரி கட்டில்ல இன்னும் அவரோட பக்கமாத்தான் படுக்குறாராம்!" டோரீன் குரல் நடுவில் உடைந்தது, மறுபடி பிடித்துக்கொண்டாள். "உன் பக்கம் அப்படியே இருக்காம்! கை கூடப் போடலையாம்!"

 யூனிஸ் இரண்டு கையாலும் நாற்காலியின் பிடியை அழுத்திக்கொண்டு, அரை அடி எழுந்தாள். பக்கத்தில் நின்ற பெண் பதறிப்போய்ப் பிடிக்க வந்தாள். யூனிஸ் அவளைத் தள்ளிவிட்டு, நடுங்கும் காலில் நின்றபடி டோரீனைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் நடந்து வர்றேன்னு சொல்லு. அதுவரைக்கும் இருக்கச் சொல்லு அந்த மனுஷன."

எல்வினுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும். ஆனாலும் டோரீன் குனிந்து, மெல்லிய குரலில், ஒரு சொல் விடாமல் அதை அவரிடம் சொன்னாள்.