வெள்ளிக்கிழமை இறங்கிய விமானம்

எங்கள் அப்பா நல்ல நேரம், கெட்ட நேரம் எதையும் சட்டை செய்யாதவர். ஹூஸ்டனில் நாங்கள் வாங்கிய முதல் காரை ராகுகாலத்தில் போய் எடுத்துவந்தார். போனில் அதைக் கேள்விப்பட்ட சித்தப்பா, "டயருக்கு அடியில எலுமிச்சம்பழமாச்சும் வச்சீகளா அண்ணே?" என்று பதறியதற்கு, "அதை ஜூஸ் போட்டுக் குடிச்சாச்சுடா" என்று சிரித்தார். அப்பேர்ப்பட்ட மனிதர், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஊருக்குப் புறப்பட்ட அந்த டிசம்பர் லீவில், திடீரென்று செவ்வாய், வெள்ளி பார்க்கிறவராக மாறிப்போனார்.

ஊரில் எங்கள் வீடு தேனிப் பக்கத்துக் கூடலூரில்; சித்தப்பா குடும்பம் அங்கேதான் இருந்தது. அப்பாவின் அக்காவை, அதாவது என் அத்தையை, கோம்பையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நாங்கள் புறப்படுவதற்குச் சில மாதம் முன்னால் அத்தையின் கணவர் இறந்துபோனார். மாமா என்றுதான் நாங்கள் எல்லோரும் அவரைச் சொல்வோம். அந்தச் சமயம் அப்பாவின் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது என்ற நிலை. அதனால் அவர் வரவில்லை. சாவுச் செய்தி வந்த அன்றைக்கு முழுவதும் கார் நிறுத்தும் கொட்டகையில் போய் நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு அத்தை போன் செய்தால், "இரு, இவகிட்டக் குடுக்குறேன்" என்று அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்பார்கள். சாவுக்கு வரமுடியாமல் போனவர், எத்தனை மாதம் கழித்து ஊருக்கு வந்தாலும், முதலில் துட்டி வீட்டுக்குப் போய்க் கையைத் தொட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்க வேண்டும். கேட்காமல் விட்டால் அதோடு உறவு அறுந்தது என்று அர்த்தம். ஆனால் அதற்கும் கிழமை உண்டு. செவ்வாய், வெள்ளி, சனி கூடாது.

"வெள்ளிக்கெழம எறங்குறீகளே அண்ணே, துட்டி கேக்கப் போக முடியாதே" என்றார் சித்தப்பா போனில்.

"என்னடா பண்றது, டிக்கெட் அப்பிடித்தான் கெடச்சுச்சு."

"சனிக்கெழமையும் ஆகாது."

"ஆமா, ஆகாது, ஆகாது."

"அப்ப ஞாயித்துக்கெழம வச்சுக்குவமா?"

"பிள்ளைகளுக்குத் தேக்கடியில போட்டிங்குக்குச் சொல்லியாச்சேடா."

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அப்படியே உள்ளே போய்விட்டாள். ஆண்டிபட்டிக்காரி அவள். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் இருப்பது அவளுக்கு லேசான காரியம் இல்லை என்பது எனக்கே தெரியும்.

விமானத்தில் அப்பா எனக்குத் திட்டத்தை விளக்கினார். மனித உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது இன்னும் ஹூஸ்டன் நேரத்தில்தான் ஓடும், அதைத் திருப்பி வைக்காமல் எங்கேயும் போகக்கூடாது. எனவே முதல் நாள் தூக்கம். யாரும் நம்மைப் பார்க்க வரக்கூடாது, நாமும் யாரையும் பார்க்கப் போகக்கூடாது. இரண்டாம் நாள் சுருளி அருவி. மூன்றாம் நாள் தேக்கடி. நாலாம் நாள் கோம்பை. நான் அதைப் பாடம்போல ஒப்பித்துக் காட்டினேன். எனக்கு ஒரே ஒரு குறைதான். அத்தை வீட்டில் ஒரு கோம்பை நாய் இருந்தது, செம்மண் நிறத்தில், மூஞ்சி மட்டும் கறுப்பாக. அதை ஏன் கடைசியில் போடவேண்டும்? முதல் நாளே கோம்பைக்குப் போய் அங்கே தூங்கினால் என்ன என்று கேட்டேன். அப்பா ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டு, "கடிகாரம்னு சொன்னேன்ல" என்றார்.

மதுரைக்குச் சித்தப்பா கார் கொண்டுவந்திருந்தார். என் தம்பி ஆண்டிபட்டி கணவாயில் வாந்தியெடுத்தான். தேனியில் இளநீர் குடித்தோம். சித்தப்பா வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். மழை, தேங்காய் விலை, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் எல்லாம் பேசினார், மாமாவைத் தவிர. உத்தமபாளையம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கோம்பைக்கு வலது கைப் பக்கம் பிரிகிற ரோடு அங்கேதான் இருக்கிறது. கார் அந்த இடத்தில் மெதுவாக ஊர்ந்தது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

"நேராப் போடா" என்றார் அப்பா.

சித்தப்பா நேராகப் போனார்.

வீட்டில் சித்தி ரசமும் அப்பளமும் செய்து வைத்திருந்தாள். திட்டப்படியே சாப்பிட்டோம், திட்டப்படியே படுத்தோம். சித்தப்பா தோட்டத்துக்குப் போய்விட்டார். அப்பா நடு அறையில் பாயைப் போட்டுக் குப்புறப் படுத்தவர், அடித்துப்போட்டதுபோலத் தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. காரில் தூங்கித் தீர்த்திருந்தேன். முன்னறையில் தனியாக உட்கார்ந்து சூட்கேஸில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அத்தை நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். முகமெல்லாம் வியர்வை. நெற்றி வெறுமையாக இருந்ததால் எனக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு என்னைத் தெரிந்துவிட்டது.

"ஏத்தா, இம்புட்டு வளந்துட்டியா?" என்று என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியோரத்தில் சொடுக்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு வந்த சித்தி அப்படியே நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். புருஷன் போய் வருஷம் திரும்பாத பெண், தானாகக் கிளம்பி, அதுவும் வெள்ளிக்கிழமை, பிறந்த வீட்டு வாசல் மிதிப்பது எங்கள் பக்கம் நடக்காத காரியம். துட்டி கேட்க மற்றவர்கள்தான் அவளிடம் போகவேண்டும்.

"மதினி, இன்னைக்கு வெள்ளிக்கெழம..." என்று சித்தி இழுத்தாள்.

"துட்டி கேக்கத்தேன் நாளு பாக்கணும் ஆத்தா. எந்தம்பியப் பாக்கவும் நாளு பாக்கணுமாக்கும்?" என்றாள் அத்தை. "அவென் எங்க?"

"தூங்குறாக. எழுப்பவா?"

"வேணாம், வேணாம். தூங்கட்டும்."

அத்தை நடு அறை வாசலில், அப்பாவின் தலை தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். சித்தி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போய் அம்மாவை எழுப்பினாள். நான் அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில், கேட்காமலேயே திட்டத்தை ஒப்பித்தேன். முதல் நாள் தூக்கம், இரண்டாம் நாள் சுருளி, மூன்றாம் நாள் தேக்கடி, நாலாம் நாள் உங்கள் வீடு.

"எங்க வீடு நாலாம் நாளா?" என்றாள் அத்தை. காபி டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. "சரித்தேன். அவென் நெனச்சா நாலாம் நாளும் வேற எங்கனயாச்சும் போயிருவியான்."

நான் நாயைப் பற்றிக் கேட்டேன். நன்றாக இருக்கிறது, சோறுதான் சரியாகத் தின்பதில்லை என்றாள். பிறகு அப்பாவின் தலையைப் பார்த்துக்கொண்டே, "நரைச்சுப்போச்சே இவனுக்கு" என்று சொன்னாள். அவள் சொன்ன பிறகுதான் நானும் பார்த்தேன். உண்மைதான், பின்மண்டையில் நிறைய நரைத்திருந்தது.

மாமாவுக்கும் அப்பாவுக்கும் இருந்த ஒட்டுதல் எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். அப்பா காலேஜ் விடுதியில் சேர்ந்தபோது டிரங்குப் பெட்டியோடு அவரை வண்டியில் வைத்துக் கொண்டுபோய் விட்டவர் மாமா. முதல்முதலாக அமெரிக்கா கிளம்பியபோது மதுரை விமான நிலையத்தில் தள்ளுவண்டி இருக்கிறது என்று சொல்லியும் கேட்காமல், சூட்கேஸைத் தோளில் வைத்து வாசல்வரை சுமந்துவந்தவரும் அவர்தான். கூடலூருக்கு அத்தை எப்போது வந்தாலும் மாமாவின் வண்டியில்தான் வருவாள். அத்தை முதலில் உள்ளே வந்து உட்காருவாள். வேப்பமர நிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு மாமா பின்னால் வருவார். பல வருஷமாக நடக்கும் வழக்கம் அது.

பொழுது சாய்கிற நேரத்தில் தெருவில் ஏதோ ஒரு வண்டி போனது. அந்தச் சத்தத்துக்கு அப்பா எழுந்து உட்கார்ந்தார். கன்னத்தில் பாயின் வரி பதிந்திருந்தது. கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தவர் அத்தையைப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"வாக்கா! எப்ப வந்த?" என்றார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "மாமாவ எங்க? வண்டிய நிப்பாட்டிக்கிட்டு இருக்காகளா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா என் பின்னால் வந்து நின்றிருந்தாள். "மாமாதான் செத்துப்போயிட்டாரே" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. அதில் பெருங்காய வாசனை அடித்தது.

அத்தை அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருவாக. நீ போயி மொகத்தக் கழுவிட்டு வாடா" என்றாள்.

அப்பா தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. முகம் கழுவ எவ்வளவு தண்ணீர் வேண்டும்? குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வாளி நிரம்பி, சிமெண்டுத் தரையில் வழிந்து, முருங்கைமரத்துப் பக்கம் ஓடியது. யாரும் போய் மூடவில்லை. ஒருவழியாக அது நின்று அப்பா திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்திருக்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட அத்தைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். துட்டி கேட்கிறவர்கள் சொல்லும் வார்த்தை எதையும் அவர் சொல்லவில்லை. கையையும் தொடவில்லை. அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு, என் தம்பி அழுவதுபோல வாய்விட்டு அழுதார். அத்தையும் அழுதாள். முந்தானையால் அவர் தலையை மட்டும் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. பெரியவர்களே இப்படிப் பச்சைப்பொய் சொன்னால் என்ன செய்வது? "வருவாக" என்று அத்தை சொன்னது பொய்தானே? அதை அம்மாவும் கேட்டுக்கொண்டு நின்றாளே? மறுநாள் சுருளிக்கு யாரும் கிளம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்கடிப் படகு நாங்கள் இல்லாமலே போனது. அன்றைக்குக் கோம்பையில், மாமாவை அடக்கம் செய்திருந்த தோட்டத்தில், அப்பா முறைப்படி எல்லாம் செய்தார். நான் நாயோடு இருந்தேன். படகு போனதை அது ஓரளவுக்கு ஈடுகட்டியது.

இரண்டு வருஷம் கழித்து அப்பா வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு தேனிக்கே வந்துவிட்டார். நானும் தம்பியும் இங்கேயே படித்தோம். பின்னால் ஒருநாள் பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள்: "புதன்கெழம எறங்குற டிக்கெட்டும் இருந்துச்சுடி. ஒங்கப்பாதான் கம்ப்யூட்டர் முன்னாடியே ஒக்காந்து வெள்ளிக்கெழமையத் தேடி எடுத்தாக." உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்தைப் பற்றி அவ்வளவு தெரிந்த மனிதர், அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல், தான் நம்பாத ஒரு வெள்ளிக்கிழமைக்குப் பின்னால் போய் ஒளிந்திருக்கிறார். எனக்கு அவரை நினைத்துப் பாவமாக இருந்தது.

ஆனால் அத்தை அந்தக் கதையை எல்லா விசேஷ வீட்டிலும் சொல்வாள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் பந்தி முடிந்து பெண்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவாள். அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கி, தூக்கக் கலக்கத்தில் தம்பி கேட்ட கேள்வியை, அவனைப் போலவே வாசலை எட்டிப் பார்த்து நடித்துக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சின்ன வயதில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். சிரிப்பு அடங்கிய பிறகு அவள் ஒன்று சொல்வாள். அது கதையோடு சேர்ந்தது என்பதே எனக்கு அப்போது தெரியாது. அதற்குள் நான் எழுந்து விளையாடப் போயிருப்பேன்.

"ஊரு சனமெல்லாம் வந்து, எப்பிடிப் போனாக, எப்பிடிப் போனாகன்னுதேன் எங்கிட்டக் கேட்டுச்சு. எந்தம்பி ஒருத்தந்தேன் எங்க இருக்காகன்னு கேட்டான்."