துணைக்குப் போட்ட விலை

மலேசியாவின் ரந்தாவில் யாருக்காவது ஓரிடத்துக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சன்னாசியைக் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கோ, பெண் பார்க்கவோ, துக்க வீட்டுக்கோ, எதற்கும் வருவார். போன இடத்தில் அவருக்கு ஒரு வேலையும் இருக்காது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், கொடுத்தால் தேத்தண்ணி குடிப்பார், திரும்ப வீடு வரை கொண்டுவந்து விடுவார். அவர் மனைவி தாயம்மாவுக்கு இதில் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. "எங்க கல்யாணத்துக்கு மட்டுந்தான் மனுசன் சொந்த வேலையா வந்தாரு," என்பார்.

பிழைப்பு புல் வெட்டுவது. பிறந்த தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது வெளியே வந்தவர், ஒரு மெஷினும் பழைய லோரியும் வாங்கி, சின்னதாக ஒரு கம்பெனி பதிந்துகொண்டார். பள்ளிக்கூடம், கிளினிக் என்று அரசாங்க இடங்களில் வேலை. சுத்தமான வேலைக்காரர்.

அதே தொழிலில் இருப்பவர் குணாளன். ஒரே தோட்டம், தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. தாயம்மாவின் முதல் பிரசவம் சிக்கலாகி சிரம்பான் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடியபோது, வெளியே மரப் பெஞ்சில் சன்னாசியோடு படுத்துக் கிடந்தவர் குணாளன்தான். அழுத நண்பனுக்குச் சோறு ஊட்டாத குறை. சன்னாசி அதை மறக்கவில்லை. எப்படி மறப்பார்?

அதனால் அரசாங்க வேலைக்கு விலை கேட்டு அறிவிப்பு வரும்போதெல்லாம் குணாளன் கூப்பிட்டால் இவர் சரி என்றுவிடுவார்.

"நான் ஒரு வெல போடுறேன். நீ அதுக்கு மேல ஒண்ணு போட்டுரு லா. சும்மா தொணைக்கி."

கூடுதல் விலை போட்ட சன்னாசிக்கு வேலை கிடைக்காது, குணாளனுக்குக் கிடைக்கும். இவர் ஒரு காசு வாங்கியதில்லை. கூட நிற்பதில் என்ன தப்பு என்றுதான் அந்த அப்பாவி மனுஷன் நினைத்திருந்தார்.

இந்த வருஷம் வட்டாரத்துப் பள்ளித் திடல்கள் மொத்தத்துக்கும் விலை கேட்டார்கள். "வழக்கம்போலதான்," என்றார் குணாளன். சன்னாசியும் தலையாட்டினார்.

அந்த வாரமே, அடுத்த தெருவில் துப்புரவுக் கம்பெனி நடத்தும் ரதிக்கு சிரம்பானில் குத்தகைக்காரர்களுக்கான விளக்கக் கூட்டம். தனியாகப் போகக் கூச்சம். வேறு யாரைக் கூப்பிடுவார்? சன்னாசி கடைசி வரிசையில் கறிபாப் பலகாரத்தோடு உட்கார்ந்தார்.

விலை போடுகிறவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்வதைத் தடுக்கும் சட்டத்தைப் பற்றி ஓர் இளம் பெண் அதிகாரி மலாயில் பேசினார். ஜெயித்தவர் மட்டுமல்ல, அவருக்காகத் தோற்கிற விலையைப் போட்டவரும் குற்றவாளிதான். வியாபார வருமானத்தில் பத்து விழுக்காடு வரை அபராதம் வரலாம் என்றார். சன்னாசியின் வாய்க்குப் போன கறிபாப் பாதி வழியில் நின்றது.

சன்னாசி எழுந்தார். "புவான், டுயிட் தக் அம்பில். தோலோங் காவான் சஜா." அம்மா, காசு வாங்கவில்லை, நண்பனுக்கு உதவி மட்டும்தான் என்று.

அந்தப் பெண் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "நண்பருக்கு நீங்கள் துணை நின்றீர்கள், ஐயா. போட்டி இல்லாததால் கூடுதலாகப் பணம் கட்டிய பள்ளிக்கூடத்துக்கு யார் துணை நின்றது?" என்று மட்டும் மலாயில் கேட்டார்.

சன்னாசிக்குப் பள்ளிக்கூடத்து நிலைமை நினைவுக்கு வந்தது. தமிழ்ப்பள்ளிக் கழிவறைகளுக்குக் கதவு போடத் தலைமையாசிரியை வீடு வீடாக நன்கொடை கேட்டபோது, கூடவே நடந்தவரும் இவர்தான். கிடைத்த பணம் பாதிக் கதவுகளுக்குத்தான் போதுமானதாக இருந்தது.

மறுநாள் தெருவோர ஒட்டுக்கடையில் குணாளனுக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

"யாரு பாக்கப் போறா லா? நான் போடப் போற வெல..."

சன்னாசி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லாத! என் வெலைய நான் போடுறேன், ஒன் வெலைய நீ போடு. வேற யாரையும் தொணைக்கிக் கூப்பிடாத."

குணாளனின் முகம் செத்துப்போனது. "அன்னைக்கி அந்தப் பெஞ்சுல படுத்தப்போ நான் சட்டம் பாத்தனாடா?"

சன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆஸ்பத்திரிக்கிக் கூப்புடு, இப்பவே எந்திரிச்சு வரேன். இதுக்கு மட்டும் வர மாட்டேன்டா." பிறந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் மறுப்பு அதுவாகத்தான் இருக்கும். குடிக்காத தேத்தண்ணியை வைத்துவிட்டு குணாளன் போய்விட்டார்.

இருவரும் தனித்தனியாக விலை போட்டார்கள். வேலை குணாளனுக்கே போனது. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. எதிரே வந்தாலும் குணாளன் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். சன்னாசிக்குச் சோறு இறங்கவில்லை. பழசுக்கு ஈடாகுமா என்று தெரியாமலேயே, பள்ளியில் மிச்சமிருந்த கதவுகளைத் தன் செலவில் போட்டுக் கொடுத்தார். "தப்பு செஞ்சிட்டனா தாயி?" என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டார். "இல்ல. ஆனா அவரு வருவாரு, சாப்புடுங்க," என்றார் தாயம்மா.

வந்தார். ஒரு சாயங்காலம் வாசலில் நின்று, உள்ளே வராமலேயே சொன்னார்.

"நாளைக்கி பகாவ்ல எம் மக புனிதாவுக்கு மாப்பிள்ள வீடு பாக்கப் போறோம். தொணைக்கி ஆளு வேணும்."

"எத்தன மணிக்கி?" என்று கேட்ட சன்னாசி, அப்போதே சட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் குணாளன் ஓட்டிய கார் கோலப்பிலா ஊரைத் தாண்டியது. பின்னால் குணாளனின் மனைவி தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

"வேலதான் முடிவாயிருச்சே. இப்பக் கேக்கலாமா? நீ எவ்வளவு போட்ட?"

சன்னாசி சொன்னார். குணாளன் காரை மெதுவாக்கினார்.

"என் வெலையவிட அம்பது வெள்ளிதான் கூட! நீ என்ன போடுவியோன்னு பயந்து பயந்துதான் நான் அவ்வளவு எறக்கினேன். அப்ப நெசமாவே என்னத் தோக்கடிக்கப் பாத்தியா?"

"ஆமா."

குணாளன் காரை ஓரமாக நிறுத்தினார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். பின்சீட்டில் இருந்தவர் விழித்துக்கொள்ளும் வரை சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வீட்டுல எம் பக்கத்துலயே ஒக்காரு," என்றார்.