வெளிக் கைப்பிடியில் ஒரு துண்டு

இன்று கணினியின் மைய நிரலான கர்னலில் பிடிபட்ட பிழை இது: வெர்ச்சுவல் மெஷினில் லாக் எனும் பூட்டுக்காகக் காத்திருக்கும்போது, அடைத்து வைத்த இன்டரப்டுகள், அதாவது குறுக்கே வரும் அழைப்புகள், மறுபடி திறந்துவிடப்படுகின்றன. அதைக் கண்காணிக்கும் நிரலுக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை. இன்னும் அடைத்திருப்பதாகவே அது நம்புகிறது.

வீட்டு அறையிலிருந்தே மீட்டிங்கில் இதை விளக்கிவிட்டு வெளியே வரப் போனால், கதவின் உள்கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"அம்மா, கதவத் தொறங்க!"

வெளிக் கைப்பிடியில் துண்டு தொங்கினால் எனக்கு மீட்டிங், யாரும் திறக்கக் கூடாது. நான் போட்ட சட்டம்தான்.

"தொறந்தா கேமராவில நான் தெரிவேன்லா மக்கா?"

"மீட்டிங் முடிஞ்சாச்சும்மா!"

"அப்பம் தோர்த்து எதுக்குத் தொங்குது? நீ அத எடு, நான் வாறேன்."

இதை உள்ளிருந்துதான் எழுதுகிறேன். பாறசாலைப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? வந்து துண்டை மட்டும் எடுங்கள், கதவை அம்மாவே திறந்துவிடுவாள்.